கைமாற்று

தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள்
அதை அணைக்காமலே கேட்டாள்:
"டான்சிலை எப்போது எடுத்தீர்கள்?"
யாரும் எதையும் எடுக்கவில்லை என்றேன்.

மருத்துவர் ஒயார்சுன்
காஸ்ட்ரோவுக்கு வந்து மூன்று வாரம்.
சிலோயே தீவின் சேறு
அவள் காலணிக்கு இன்னும் பழகவில்லை.
மறுபடி பார்த்தாள்.
இரண்டு மேடுகள் இருக்கவேண்டிய இடத்தில்
வழவழவென்று ஒரு வெறும் குகை.
கழுத்தைத் தடவினாள், கக்கத்தைத் தடவினாள்,
இருட்டில் சாவியைத் தேடுகிறவள் போல.

அவளுக்கு முன் ஆறு பேர் பார்த்திருந்தார்கள்.
மழை, என்றார் ஒருவர்.
விறகுப் புகை, என்றார் இன்னொருவர்.
சால்மன் தொழிற்சாலை ஈரத்தோடு
பிள்ளையைத் தூக்காதே, குளி, என்றார்கள்.
குளித்தேன்.
இரண்டு நிமோனியா. ஒன்பது முறை காது.
தலையணை உறையில் மஞ்சள் வட்டம்;
வாடையை வைத்தே சொல்வேன் இடதா வலதா என்று.
காலி மருந்துப் புட்டிகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு
இலான் துறைமுகம் விளையாடுவான்.
துறைமுகம் நிரம்பியும்
எனக்கு எண்ணத் தோன்றவில்லை.
ஒவ்வொரு காய்ச்சலும் தனியாகத்தான் வந்தது.
அவள் தேதிகளை ஒரே தாளில் எழுதியபோதுதான்
கைகோத்து வந்திருப்பது தெரிந்தது.

"உங்கள் அம்மாவுக்கு ஆண் பிள்ளைகள்?"
ஒருவன். பெனிக்னோ.
"இப்போது எங்கே?"
நாலு வயதில், கெட்ட காற்று அடித்து
என்று தொடங்கினேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

புவெர்ட்டோ மோன்ட்டில் ரத்தம் எடுத்தார்கள்.
படகில் போய், படகில் வந்து,
மறுபடி படகில் போய்க் கேட்டோம்.
கிருமியை அடையாளம் வைத்துப் பிடிக்கும் புரதம்
அவன் ரத்தத்தில் இல்லையாம்.
அதைச் செய்யும் பட்டறையே பிறவியில் திறக்கவில்லையாம்.
"முதல் ஆறு மாதம் ஒரு தும்மல்கூட இல்லையே?"
"அது உங்களுடையது.
வயிற்றில் இருக்கும்போதே கைமாற்றாகக் கொடுத்திருந்தீர்கள்.
தீர்ந்துவிட்டது."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
குறையும் என் வழியாகத்தான் வந்தது என்றாள்.
கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டு
திரும்பும் படகில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வியாழன்தோறும்
அவன் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி,
கைக்கடக்கமான பம்பு, முக்கால் மணி நேரம்.
ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து
வடித்தெடுத்த தெளிநீர்.
"யாரெல்லாம்?"
பேர் தெரியாது.
"வழுக்கைத் தலைக்காரர் உண்டா?"
இல்லாமலா.
ஊசி போட்ட இடம் புடைத்து எழும்;
அதற்கு அவன் வைத்த பேர் மில்காவ்,
எங்கள் உருளைக்கிழங்கு அடை.

குளிர்பெட்டிக் கதவில் என் கையெழுத்து:
முப்பத்தெட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று இராதே.
கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்.
கால்வாயில் காற்று ஏறுமுன் படகைப் பிடி.
போன மாதம் பள்ளியிலிருந்து சளி கொண்டுவந்தான்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்தேன்.
மூன்றாம் நாள்
அது மற்ற பிள்ளைகளுக்குப் போவது போலப்
போய்விட்டது.
வெறும் சளி!
கொல்லையில் போய் அழுதேன்.

என் தங்கை ஃப்ரெசியா அன்குதில் இருக்கிறாள்.
எட்டாம் மாதம்.
பையன் என்று ஸ்கேன் படம் அனுப்பியிருக்கிறாள்,
மூக்கு பெனிக்னோவுடையது என்று எழுதி.
அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது
அவளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.
பிறந்ததும் ரத்தம் பார், அவ்வளவுதான் சொல்லவேண்டும்.
நாலு வார்த்தை.
பதினோரு நாளாக எழுதி அழிக்கிறேன்.

இன்று வியாழன். பம்பு முனகுகிறது.
எண்ணை அழுத்திவிட்டேன், மணி போகிறது.
"யாருக்கு?"
சித்திக்கு.
அவன் சட்டையைத் தூக்கிப் பிடிக்கிறான்:
"வீடியோ போடு,
மில்காவைக் காட்டலாம்."